நுரையீரல் புற்றுநோயாளியின் உணவும் நோன்பும்

நுரையீரலில் புற்றுநோய் கண்டவர் நாளுக்கு நாள் மெலிவதைப் பார்த்து, "நோய் என்றால் இளைக்கத்தான் செய்யும்" என்று வீட்டார் இருந்துவிடுகின்றனர். இன்னும் சிலர், நன்றாகச் சாப்பிட்டால் கட்டியும் வளரும் என்றஞ்சி முட்டையையும் மீனையும் நிறுத்திவிட்டு, கஞ்சி மட்டும் கொடுக்கின்றனர். இது ஆதாரமற்ற அச்சம். பட்டினியால் கரைவது நோயாளியின் சதையே.

இந்த மெலிவு வெறும் பட்டினி மெலிவன்று. புற்றுநோய் உடலில் ஓர் அழற்சியை மூட்டுகிறது. அது பசியை அடக்கித் தசையையும் சிதைக்கிறது. அதனால் உணவால் மட்டும் இழந்த சதை முழுவதும் திரும்புவதில்லை; ஆயினும் உணவின்றேல் சிதைவு விரைவாகும். 2011இல் பன்னாட்டு மருத்துவ அறிஞர்கள் வகுத்த அளவின்படி, ஆறு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தானாகக் குறைந்தால் அது கவனிக்க வேண்டிய சிதைவாகும். அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு அது மூன்று கிலோதான்! பருத்த உடலினருக்கோ கொழுப்பு மூடிக்கொள்வதால் தசைக் குறைவு கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேன் படத்தில்தான் புலப்படும்.

தசை குறைந்தவர்களுக்கு மருந்தின் பக்க விளைவுகள் மிகுதியாகின்றன. மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடுகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறுவதும் தாமதம். இத்தகையோர் வாழும் காலமும் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே வாரந்தோறும் எடை பார்த்து எழுதி வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், இயன்றால் ஒன்றரை கிராம் வரை, புரதம் தினமும் தேவை. அறுபது கிலோ எடைக்கு அறுபது முதல் தொண்ணூறு கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம்தான் உண்டு! மீன், கோழி, பருப்பு, தயிர் இவற்றைச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். இயன்ற அளவு நடப்பதும் தசைக்கு உதவும். நோயாளிக்கு 'தல்பீனா' என்னும் வாற்கோதுமைக் கஞ்சி கொடுக்குமாறு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறிவந்ததாக புகாரியில் வந்துள்ளது. ஆகவே கஞ்சியை நாம் குறை கூறவில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதையே வேண்டாமென்கிறோம்.

ரமளானில் இத்தகைய நோயாளி, "நோன்பை விடமாட்டேன்" என்று பிடிவாதம் பிடிப்பதுண்டு. அவருடைய ஈமானை நாம் மதிக்கிறோம். ஆனால் அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் நோயாளிக்குச் சலுகை அளித்தவன் அல்லாஹ்வே. நோன்பு தீங்கு செய்யும் என்று நம்பகமான மருத்துவர் கூறினால் விட்டுவிட வேண்டியதே, அதில் குற்றமில்லை. பின்னர் உடல் தேறினால் களாச் செய்ய வேண்டும். தேறும் நம்பிக்கை இல்லாதவர், விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பார்.