மில்லர் தொடங்கவில்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

பேச்சுப் போட்டிக்காக நீ எழுதி அனுப்பிய உரை கிடைத்தது. ‘தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியை நிறுவிய ஆங்கிலேயர் வில்லியம் மில்லர்’ என்று தொடங்கியிருக்கிறாய். ஒரே வரியில் மூன்று பிழை! மில்லர் ஸ்காட்லாந்துக்காரர்; அதன் வடகோடியில் உள்ள தர்சோவில் 1838இல் பிறந்தவர். கல்லூரிக்கு வித்திட்டவர் ஜான் ஆண்டர்சன்; 1837இல் சென்னை ஆர்மீனியன் தெருவில் 59 பையன்களோடு பள்ளியாகத் தொடங்கினார். தாம்பரம் வளாகம் திறந்தது 1937 ஜனவரியில். மில்லர் மறைந்ததோ 1923இல், எடின்பரோவில்.

பிறகு எதற்கு அவரைக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். கல்வெட்டில் பெயர் வருவது அடிக்கல் நாட்டியவருக்கு; முப்பது வருஷம் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டவரை யாரும் கண்டுகொள்வதில்லை. மில்லர் இந்த இரண்டாம் வகை. 1862 இறுதியில் அவர் சென்னை வந்து இறங்கியபோது ஆண்டர்சன் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பள்ளி நலிந்து கிடந்தது. அதை எடுத்து நிறுத்தினார். 1865இல் கல்லூரி வகுப்பு வந்தது. வெவ்வேறு கிறித்தவ மிஷன்கள் ஆளுக்கொரு கல்லூரி நடத்திப் பணத்தையும் ஆசிரியர்களையும் சிதறடிப்பதைவிட, எல்லாரும் சேர்ந்து ஒன்றை உருப்படியாக நடத்தலாம் என்று வாதாடினார். 1877இல் அது நடந்தது. ‘சென்னை கிறித்தவக் கல்லூரி’ என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. சொந்தப் பணத்தையும் தாராளமாகப் போட்டார். 1907இல் ஓய்வுபெறும்வரை கல்லூரியைவிட்டு அவர் அகலவில்லை. இடையில் 1882இல் ஹண்டர் கல்வி ஆணையத்தில் உறுப்பினர், 1901இலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இந்தப் பதவிகளை நீ பட்டியல் போட்டிருக்கிறாய். பட்டியலால் என்ன பயன்?

என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே பெரிய காரியம் விடுதிகள்தான். இதை நான் பத்துப் பேரிடம் சொல்லி, பத்துப் பேரும் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். வெளியூரிலிருந்து படிக்க வந்த பையன் எங்கேயோ அறை எடுத்து, எங்கேயோ சாப்பிட்டு, வகுப்பு நேரத்தில் மட்டும் ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் போனால் அவனுக்குக் கிடைப்பது பாடக்குறிப்புதான், படிப்பு அல்ல. இதை உணர்ந்து கல்லூரியை ஒட்டி விடுதிகளை எழுப்பினார் மில்லர். கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது இந்த எண்ணமும் கூடவே வந்தது: சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். நடுவில் மரங்கள், அவற்றை வளர்த்தவர்களில் முதன்மையானவர் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ். கட்டடங்களை வரைந்தவர் ஹென்றி ஷேட்டி என்ற சுவிஸ்காரர். பார்த்தாயா, இதிலும் மில்லர் கை வைக்கவில்லை! ஆனால் ‘மாணவன் எங்கே வாழ்கிறான்’ என்பதையும் கல்வியின் கணக்கில் சேர்த்தவர் அவர்.

விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள். மில்லர் ஷேக்ஸ்பியர் பற்றியும் எழுதினார். ஒரு நூலின் பெயரே ‘லியர் அரசனும் இந்திய அரசியலும்’ என்று வரும். மகள்களுக்கு நாட்டைப் பங்குபோட்ட கிழவனின் கதையை, 1900இல், ஆளப்படும் ஒரு நாட்டு மாணவர்களிடம் அரசியலோடு சேர்த்துப் பேசியிருக்கிறார் ஒரு பாதிரியார். அவர் முடிவுகளோடு நான் உடன்படாத இடங்கள் உண்டு. ஆனாலும், நாடகத்தை ஐந்து மதிப்பெண் வினாவாக நறுக்கிக் கொடுக்கும் உன் கைடு புத்தகத்தைவிட அது எவ்வளவோ மேல். அந்தக் கைடை முதலில் தூக்கிப் போடு.

அவருடைய மிஷன் நண்பர்களிலேயே சிலருக்கு அவர்மேல் மனக்குறை இருந்தது: இவ்வளவு செலவு செய்தும் மதம் மாறியவர்கள் எத்தனை பேர் என்று. கல்லூரியின் வேலை தலை எண்ணுவதல்ல, ஒரு சமூகத்தின் சிந்தனையில் மெல்லக் கலப்பது என்பது அவர் நிலைப்பாடு. இன்றைக்குத் தேர்ச்சி விழுக்காட்டைப் பேனரில் அடித்து ஜி.எஸ்.டி. சாலை முழுக்கக் கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

உரையைத் திருத்தி எழுது. பிறப்பு, பட்டம், பதவி எல்லாம் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். நலிந்த பள்ளியை ஒரு மனிதர் எப்படித் தூக்கினார் என்பதை மட்டும் சொல். தொடக்க விழாக் கதைதான் நடுவர்களுக்குப் பிடிக்கும் என்பாய். பரிசு போனால் போகட்டும்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்,
சேலையூர்