லேப் டைமை மட்டும் நம்பாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

கார் பந்தய கேமில் கார்களைச் சமன்செய்யும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதில் மகிழ்ச்சி. எல்லாக் கார்களின் லேப் டைமையும் பத்தில் ஒரு வினாடிக்குள் கொண்டுவந்தும், ஆடுபவர்கள் ஒரே காரைத்தான் எடுக்கிறார்கள் என்று வருந்தியிருந்தாய். உன் கணக்கில் தவறில்லை. நீ அளந்தது தனியாக ஓடும் காரை. அவர்கள் ஓட்டுவது இருபது கார்களுக்கு நடுவே.

ஜிடி3 பிரிவைப் பார். போர்ஷே 911க்கு இன்ஜின் பின்னால், ஃபெராரி 296க்கு நடுவில், மெர்சிடிஸ்-ஏஎம்ஜிக்கு முன்னால். இவை ஒன்றாக ஓடுவதற்காகத்தான் நிஜப் பந்தயத்தில் எடை ஏற்றுகிறார்கள், இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறைக்கிறார்கள், டர்போ அழுத்தத்துக்கு வரம்பு வைக்கிறார்கள். உன்னிடமும் இதே கருவிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வேலைசெய்யும் இடம் வேறு. எடை ஏறினால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், டயர் சீக்கிரம் தேயும். பவரைக் குறைத்தால் அடி விழுவது நேர்ப்பாதையில்.

1 கி.மீ. நேர்ப்பாதையை ஒரு கார் மணிக்கு 250 கி.மீ. வேகத்திலும் இன்னொன்று 240இலும் ஓடினால், முடிவில் இடைவெளி 40 மீட்டர். அதை இரண்டாவது கார் வளைவுகளில் மீட்டுவிடும். லேப் டைம் சமமாகிவிடும். பந்தயத்தில் நடப்பது வேறு. முதல் கார் நேர்ப்பாதையில் முந்திப்போய், அடுத்த வளைவில் வழியை அடைத்துக்கொள்ளும். பின்னால் வருபவர் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் முந்த இடம் கிடைக்காது. உன் ஆட்டக்காரர்கள் எல்லாரும் எடுப்பது அந்த முதல் காரைத்தான். எனவே நேர்ப்பாதை வேகத்தை முதலில் நெருக்கமாக்கு. கார்களின் குணவேறுபாடு வளைவிலும் பிரேக்கிலும் டயரிலும் இருக்கட்டும்.

வெவ்வேறு பிரிவுகள் ஒரே டிராக்கில் ஓடும்போது நீ செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: இடைவெளியைக் காப்பாற்று. 2021இல் நீண்டநேரப் பந்தயங்களில் ஹைப்பர்கார் என்ற மேல்பிரிவு வந்தபோது, அதற்குக் கீழே இருந்த எல்எம்பி2 நெருங்கிவிடக் கூடாதென்று எல்எம்பி2வின் பவரைக் குறைத்தார்கள். மேல்பிரிவுக் கார் நேர்ப்பாதையிலேயே முந்த முடியாவிட்டால், வளைவில் மூக்கை நுழைக்கும். இரண்டு பேரின் பந்தயமும் அங்கே முடியும்.

கீழ்ப்பிரிவை ஒப்புக்கு வைத்ததாக ஆக்கிவிடாதே. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி, போர்ஷே கார்களுக்கான 991 பிரிவில் மூன்றாமிடம் பிடித்தபோது நம் மக்கள் எப்படிக் கொண்டாடினார்கள்! அதைவிட வேகமான ஜிடி3 கார்களும் அதே டிராக்கில் ஓடின. தன் பிரிவில் போராடுகிறவருக்கு அது முழுமையான பந்தயம்.

யாருடைய நேரத்தை அளக்கிறாய் என்பதையும் யோசி. தரவரிசையில் முதல் நூறு பேர் கையில் பறக்கும் கார், நடுத்தர ஆட்டக்காரர் கையில் சுழன்று நிற்கலாம். இரு சாராரையும் தனித்தனியே பார். மோன்சாவின் நீண்ட நேர்ப்பாதைகளில் சரியாக வரும் எடை, வளைந்து வளைந்து போகும் ஹங்கரோரிங்கில் தவறாகப் போகும். எல்லா டிராக்குக்கும் ஒரே அட்டவணை போதாது.

கடைசியாக ஒன்று. 2023 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு டொயோட்டாவுக்கு 37 கிலோவும் ஃபெராரிக்கு 24 கிலோவும் ஏற்றினார்கள். ஃபெராரி வென்றது. அந்த வெற்றியைப் பேசியவர்கள் எடையையும் சேர்த்தே பேசினார்கள். நியாயமாகவே மாற்றினாலும், காலம் தாழ்ந்து வரும் மாற்றம் சந்தேகத்தை விதைக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு காரில் ஒன்றை மட்டும் மாற்று. போட்டிக்கு வெகுமுன்பே அறிவி. ஏன் மாற்றினாய் என்பதை எண்களோடு எழுதிக் கொடு. தோற்றவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளும்படி அது இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்