நிலக்கரி ஊரின் ஜனக்கணக்கு

கேள்வி: ஒரு சிற்றூரில் ஜனத்தொகை குறைந்தால், மிஞ்சியவர்களின் வருமானம் கூடத்தானே வேண்டும்?

பதில்: காகிதத்தில் அப்படித்தான் தோன்றும், ஆனால் ஊரைவிட்டுப் போகிறவர்கள் யார் என்பதைச் சராசரி சொல்வதில்லை. ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள யூபாரியில், 1960-ல் ஏறத்தாழ 1,17,000 பேர் நிலக்கரியை நம்பி ஜீவித்திருக்க, எண்ணெயின் வரவால் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1990-ல் கடைசிச் சுரங்கமும் அடைபடவே, சம்பாதிக்கும் பிராயத்தினர் வெளியூர்களுக்குக் குடிபெயர்ந்துவிட, 2020-ன் ஜனக்கணக்கில் எஞ்சியவர்கள் சுமார் 7,300 பேரே; அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதை எட்டியவர்கள். குடிகள் குறைந்தாலும் சாலையின் நீளமும் தண்ணீர்க் குழாயின் நீளமும் குறைவதில்லை. உல்லாசப் பிரயாணிகளை வரவழைத்துவிடலாமென்று கேளிக்கைப் பூங்காவிலும் ஹோட்டல்களிலும் பணத்தைக் கொட்டிய நகர நிர்வாகம் (விவேகமற்ற காரியம் என்றே சொல்வேன்), 2007-ல் சுமார் 3,530 கோடி யென் கடன் சுமையோடு அரசாங்க மேற்பார்வைக்கு உட்பட்டது. உத்தியோகஸ்தர் சம்பளம் வெட்டப்பட்டது, நூலகம் மூடப்பட்டது, பள்ளிகள் இணைக்கப்பட்டன.

இத்தனைக்கும் அவ்வூர் முலாம்பழம் பிரசித்தமானது. கொடியின் ஒரு துண்டு காம்போடு குறுக்கே நிற்கும்படி நறுக்கி, ஜோடியாகப் பெட்டியில் வைக்கிறார்கள். 2019-ல் சப்போரோ ஏலத்தில் அப்படிப்பட்ட ஒரு ஜோடி 50 லட்சம் யென்னுக்குப் போயிற்று! அந்தப் பணம் குடியானவர் சிலரைச் சேருமேயன்றி ஊரெங்கும் பரவாது. சராசரியோ எல்லோரும் செழித்ததாகவே காட்டும். ஆகையால், உங்கள் ஊரின் தலைக்கட்டு வருமானத்தைப் பார்க்குமுன், வயதுவாரிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.