ஒழுகும்போதே கேள்

அன்புள்ள மகளுக்கு,

மரபு வீடுகளைக் காக்கும் அறக்கட்டளையில் நிதி திரட்டும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதாக உன் அப்பா சொன்னான். சந்தோஷம். பெரிய கம்பெனிகளின் பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறாயாம். அதை மூடிவைத்துவிட்டுப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போய் 'மேரி' என்கிற நகராட்சிக் கட்டடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வா.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம் அது. 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது. உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் எழுப்பி 2021-ல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அது புதுக் கட்டடம். விழுந்த பிறகு கோடிகள் வந்துவிடுகின்றன. மாடி ஒழுகும்போது சில ஆயிரங்களுக்கு ஆளில்லை. உன் வேலை அந்த ஆயிரங்களைக் கேட்பது.

யாரிடம்? முதலில் ஒழுகும் வீடு இருக்கும் தெருவிலேயே. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் ஊர் வைசியாள் வீதியை மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் சீரமைத்தபோது ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுத்தது. இத்தாலியின் உர்பினோ நகரமும் கைகோத்தது. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: முகப்பு வேலைக்கு வீட்டுக்காரர்களும் தங்கள் பங்கைப் போட்டார்கள். கைக்காசு போட்டவன் திண்ணையை இடித்துக் கடை வைக்கக் கொஞ்சமாவது யோசிப்பான்.

"மரபைக் காப்போம்" என்று போய் நிற்காதே. இந்த வீட்டில் ஒரு தூலத்தைக் கரையான் தின்றுவிட்டது, மாற்ற இவ்வளவு ஆகும் என்று சொல். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்குக் கூலி கூடுதல் என்பதையும் ஒளிக்காதே.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு, கவனமாகக் கேள். புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962-ல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. பிரெஞ்சுப் படையில் இருந்த பக்கத்து வீட்டுச் 'சொல்தா' தாத்தா பிரெஞ்சுக் குடிமகன் என்றால், அவர் இந்திய நோட்டாக ஐந்நூறு ரூபாய் நீட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. பதிவு இருந்தாலும் அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். பாரீஸில் வேலை பார்க்கும் பையன் இந்திய பாஸ்போர்ட்காரன் என்றால், அவன் சம்பளத்திலிருந்து அனுப்புவது உள்நாட்டுப் பணம். வேடிக்கைதான். ஆகவே முகத்தையும் முகவரியையும் பார்த்து முடிவு செய்யாதே; குடியுரிமையைக் கேள். தாத்தா கோபித்துக்கொண்டால் காபி குடித்துவிட்டு விளக்கு.

கம்பெனிகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2013 கம்பெனிச் சட்டம் சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புச் செலவுக்குச் சொல்லும் பட்டியலில் மரபுரிமைப் பாதுகாப்பும் இருக்கிறது. தெருக்காரர்கள் போட்ட தொகையைக் கணக்கில் காட்டிக் கம்பெனிகளிடம் போ, பேச்சு சுலபமாகும்.

ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வரிக்கழிவு கிடையாது. ரசீது எழுதும் முன்பே சொல்லிவிடு. தீபாவளிக்கு வரும்போது ரசீதுப் புத்தகத்தைக் கொண்டு வா, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா