பத்து ரூபாய் டிப்ரிசியேஷன்: இன்வெஸ்ட்மென்ட் பேங்க் இன்டர்வியூவுக்குப் போறவங்களுக்கு

பிளேஸ்மென்ட் லிஸ்ட்ல ஒரு பெரிய இன்வெஸ்ட்மென்ட் பேங்க் பேர் வந்துட்டா போதும், ஹாஸ்டல் முழுக்க அதே பேச்சுதான். மெக்கானிக்கல் பசங்க ராத்திரி உட்கார்ந்து வேல்யுவேஷன் வீடியோ பார்ப்பாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சிலர் "நமக்கு ஃபைனான்ஸ் தெரியாதே"ன்னு அப்ளை பண்ணாமலே விட்டுடுவாங்க. ரெண்டு பக்கமும் நோட்டீஸை முழுசாப் படிக்கலைன்னு அர்த்தம்.

இன்வெஸ்ட்மென்ட் பேங்க் என்பது டெபாசிட் வாங்கி நகைக்கடன் கொடுக்கிற இடம் இல்லை. ஒரு கம்பெனி பங்குச் சந்தைக்கு வரணும், இன்னொரு கம்பெனியை வாங்கணும், பாண்டு வெளியிட்டுப் பணம் திரட்டணும் என்றால், அதற்கு விலை கணக்கிட்டு, ஆவணம் தயாரித்து, முதலீட்டாளர்களிடம் கொண்டுபோவதுதான் அசல் வேலை. இந்தியாவில் செபியிடம் பதிவு செய்த மெர்ச்சன்ட் பேங்கர்கள் இதைச் செய்கிறார்கள். ஆனால் அதே நிறுவனத்துக்குள்ளேயே டிரேடிங் மென்பொருள் எழுதுபவர், ரிஸ்க் கணக்கிடுபவர், நடந்த டிரேடைச் சரிபார்த்து முடித்துவைப்பவர் என்று வேறு பல வேலைகளும் உண்டு. கோல்ட்மேன் சாக்ஸ் 2004இல் பெங்களூருவில் அலுவலகம் திறந்தது; இன்று அங்கே வேலை செய்பவர்கள் ஆயிரக்கணக்கில். அதில் இன்ஜினியர்கள் ஏராளம், ஐபிஓ வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம்தான்.

அதனால் பேங்க் பேர் ஒண்ணா இருந்தாலும் பரீட்சை வேற வேற. டெக்னாலஜி ரோல்னா கோடிங் டெஸ்ட், டேட்டா ஸ்ட்ரக்சர். ரிஸ்க் பக்கம்னா நிகழ்தகவும் புள்ளியியலும். டீல் பக்கம்னா அக்கவுன்டிங், வேல்யுவேஷன். பிரீ-பிளேஸ்மென்ட் டாக்ல கூச்சப்படாம எழுந்து கேளுங்க: "சார், இந்த ரோல் எந்த டிவிஷன்? முதல் வருஷம் தினசரி என்ன வேலை?" இந்த ஒரு கேள்வி ரெண்டு மாச வீண் படிப்பை மிச்சம் பண்ணும்.

கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்லிடறேன். நம்ம நாட்டில் டீல் பக்கத்து வேலைக்குப் பெரும்பாலும் ஐஐஎம் போன்ற இடங்களில் எம்பிஏ முடித்தவர்களையும் சிஏக்களையும்தான் எடுக்கிறார்கள். பி.இ. முடித்த கையோடு நேரா உள்ளே போவது அரிது. வழி இல்லாமல் இல்லை. வெளிநாட்டு வங்கிகளுக்கு ஆய்வு வேலை செய்து தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, சென்னையிலேயே கிரிசில் இருக்கிறது. படிக்கும்போதே சிஎஃப்ஏ முதல் நிலை எழுதலாம், ஆனால் கட்டணம் டாலர்ல, வீட்ல பேசிட்டு இறங்குங்க. லட்சக்கணக்கில் ஃபீஸ் கேட்கிற "பேங்கிங் பூட்கேம்ப்" எதுக்கும், என்னைக் கேட்டா, இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

சரி, டீல் பக்கத்துக்கோ ஆய்வுப் பக்கத்துக்கோ இன்டர்வியூ வந்தாச்சு. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒண்ணு உண்டு: "டிப்ரிசியேஷன் பத்து ரூபாய் கூடினா மூணு ஸ்டேட்மென்ட்டும் எப்படி மாறும்?"

ஒர்க்‌ஷாப்பில் ஒரு லேத் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய அன்றைக்கே காசு போயாச்சு. அது தேய்வதை வருஷா வருஷம் செலவாகக் கணக்கில் எழுதுவதுதான் தேய்மானம். அந்தச் செலவு பத்து ரூபாய் கூடுகிறது. வரி 25 சதவீதம் என்று கொள்வோம். முதலில் லாப நட்டக் கணக்கு: வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரி 2.5 குறையும், ஆக நிகர லாபம் 7.5 குறையும். அடுத்து கேஷ் ஃப்ளோ: மேலே நிகர லாபத்தில் 7.5 குறைவு, ஆனால் தேய்மானத்துக்காக இந்த வருஷம் யாருக்கும் காசு கொடுக்கவில்லையே, அதனால் 10ஐத் திரும்பக் கூட்டணும். ஆக ரொக்கம் 2.5 கூடுது. கடைசியில் பேலன்ஸ் ஷீட்: ரொக்கம் 2.5 கூடி, இயந்திர மதிப்பு 10 குறைந்து, சொத்துப் பக்கம் மொத்தம் 7.5 குறைவு. மறுபக்கம் சேர்த்துவைத்த லாபத்திலும் அதே 7.5 குறைவு. ரெண்டு பக்கமும் சமம். கிர்ச்சாஃப் விதியில் நோடுக்குள் வரும் கரன்ட்டும் போகும் கரன்ட்டும் சமமா இருக்கணும்னு பார்த்த பழக்கம்தான் இங்கேயும் வேணும்.

இதை மனப்பாடம் பண்ணிட்டு வந்தவங்களை அடுத்த கேள்வி பிடிச்சிடும்: "செலவு கூடுச்சு, ரொக்கம் எப்படிக் கூடும்?" தேய்மானம் காசு கொண்டுவரவில்லை, அரசுக்குக் கட்டவேண்டிய வரி 2.5 குறைந்தது, அவ்வளவுதான். அங்கிருந்து இன்னொரு படி போவாங்க: "வருமான வரிக் கணக்கில் இந்தக் கூடுதல் தேய்மானத்தை ஏற்கலைன்னா?" இந்தியாவில் கம்பெனிச் சட்டப்படி ஒரு தேய்மானம், வருமான வரிச் சட்டப்படி வேறொரு தேய்மானம் என்பதால் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. அப்போது கட்டும் வரி மாறாது, ரொக்கமும் மாறாது. நிகர லாபம் அதே 7.5 குறையும், 2.5 மட்டும் டெஃபர்டு டாக்ஸ் என்று பேலன்ஸ் ஷீட்டில் போய் உட்காரும். இங்கே வரைக்கும் நிதானமா வந்தவரை, எந்தக் காலேஜ் என்று யாரும் ரெண்டாவது தடவை கேட்கமாட்டாங்க.

வீட்ல இதை மாத்திப் போட்டுப் பாருங்க: செலவே இல்லாம பத்து ரூபாய்க்குக் கடனுக்கு விற்பனை. வரியை உடனே கட்டணும். நிகர லாபம் 7.5 கூடும், ரொக்கமோ 2.5 குறையும். லாபம் காட்டுற கம்பெனி காசில்லாம தவிக்கிறது எப்படின்னு இதுல புரிஞ்சிடும்.

வேல்யுவேஷனில் முதலில் பிடிபட வேண்டியது பங்கு மதிப்புக்கும் நிறுவன மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். பங்கு 100 ரூபாய், பத்து லட்சம் பங்கு. மொத்தம் 10 கோடி. கடன் 4 கோடி, கையில் ரொக்கம் 1 கோடி. முழு கம்பெனியையும் வாங்குபவர் கடனையும் சுமக்கணும், ரொக்கம் அவருக்கே வரும். ஆக நிறுவன மதிப்பு 13 கோடி. மீதி ஃபார்முலா எல்லாம் இதுக்குப் பிறகு.

படிக்க இலவசமாவே நல்ல புத்தகம் இருக்கு. செபி இணையதளத்தில் ஐபிஓவுக்கு வரும் கம்பெனிகளின் வரைவு ஆவணங்கள் கிடைக்கும். முதல் பக்கத்திலேயே எந்தெந்த பேங்கர்கள் நடத்துகிறார்கள் என்று இருக்கும். வெளியீட்டு விலைக்கான அடிப்படை என்ற பகுதியை மட்டுமாவது படிங்க. 2021 ஜூலையில் சொமேட்டோ பங்கு 76 ரூபாய்க்கு வெளியானது, அப்போது கம்பெனி நஷ்டத்தில் இருந்தது. லாபமே இல்லாதபோது பிஇ விகிதம் உதவாதே, எதை வைத்து விலை போட்டிருப்பாங்க? எல்ஐசி 2022 மே மாதம் 949 ரூபாய்க்கு வெளியிட்டு, முதல் நாளே அதற்குக் கீழே இறங்கியது, ஏன்? இந்த ரெண்டுக்கும் சொந்தமா ஒரு பதில் தயார் பண்ணிக்கிட்டா "சமீபத்துல கவனிச்ச டீல் சொல்லுங்க" என்ற கேள்விக்குத் தடுமாற வேண்டாம்.

தமிழ் மீடியத்தில் படிச்சு வந்தவங்களுக்குத் தனியா ஒண்ணு. இன்டர்வியூ ஆங்கிலத்தில்தான். முதல் சுற்றில் எதிரே ஆளே இல்லாம, கேமராவைப் பார்த்துப் பேசிப் பதிவு பண்ணுற முறையும் இருக்கு. மேலே சொன்ன லேத் கணக்கை முதல்ல தமிழ்ல ரூம்மேட்டுக்குச் சொல்லிக்கொடுங்க. அவனுக்குப் புரிஞ்சதும், அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமா போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. அங்கே பார்க்கிறது உங்க உச்சரிப்பை இல்லை, ஒரு எண்ணுக்குப் பிறகு அடுத்த எண் ஏன் வருதுன்னு சொல்ல முடியுதான்னுதான்.

முடிவில் "எங்களைக் கேட்க ஏதாவது இருக்கா?"ன்னு கேட்பாங்க. வேலை நேரத்தைக் கேளுங்க, தப்பே இல்லை. 2021இல் கோல்ட்மேன் சாக்ஸின் முதலாண்டு அனலிஸ்ட்கள் 13 பேர் தங்களுக்குள் எடுத்த கணக்கெடுப்பு வெளியே கசிந்தது; சராசரியா வாரம் 95 மணி நேர வேலை என்று அதில் இருந்தது. ஆஃபர் கடிதம் கைக்கு வந்தால், சிடிசியில் மாதாமாதம் வருவது எவ்வளவு, போனஸ் எவ்வளவு, முதல் வருஷம் மட்டும் வரும் ஜாயினிங் போனஸ் எவ்வளவு என்று பிரித்து எழுதி, எஜுகேஷன் லோன் இஎம்ஐயை மாதச் சம்பளத்தோடு மட்டும் வைத்துப் பாருங்க.