பட்டியும் காடும்

மைசூருவிலிருந்து உதகமண்டலம் செல்லும் சாலையில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் பந்திப்பூர் உள்ளது. அக்காட்டைத் தொடர்ந்து தமிழ்நாட்டின் முதுமலைக் காடு தொடங்குகிறது. மாநில எல்லை மனிதருக்கே உண்டு. அங்கு மேயும் காட்டெருமைக்கு இரண்டும் ஒரே காடுதான். காட்டெருமை என்று வழங்கினாலும் அது எருமை அன்று, மாட்டினத்தைச் சேர்ந்தது. சங்க இலக்கியத்தில் காட்டுப் பசுவுக்கு 'ஆமா' என்று பெயர்.

1968ஆம் ஆண்டு இவ்விரு காடுகளிலும் வெக்கை நோய் பரவியது. காட்டெருமைகள் பெருமளவில் மடிந்தன. வெக்கை, மாடுகளைத் தாக்கும் கொடிய நச்சுயிரி நோய். கடுங்காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியன அதன் அறிகுறிகள். ஊர் மாடும் காட்டு விலங்கும் ஒரே புல்வெளியில் மேய்ந்து, ஒரே குட்டையில் நீர் அருந்தும்போது நோய் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும்.

காட்டில் திரியும் விலங்குகளைப் பிடித்துத் தடுப்பூசி போடுதல் அரிது. ஊர் மாடுகளுக்குப் போடுதல் எளிது. அவற்றிடம் நோய் ஒழிந்தால், காட்டிலும் அது நெடுநாள் நிலைப்பதில்லை. இந்தியாவில் 1954இல் நாடு தழுவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. தடுப்பூசி போட்டதோடு பணி முடியவில்லை. கால்நடைத் துறையினர் ஊர் ஊராகச் சென்று மாடுகளைப் பார்வையிட்டனர், குருதியைச் சோதித்தனர். 1995க்குப் பின் இந்நோய் இந்தியாவில் தோன்றவில்லை.

உலகில் இந்நோய் இறுதியாகக் கண்டறியப்பட்டது 2001இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் வாழ்ந்த காட்டு விலங்குகளிடம். ஊரை மட்டும் கண்காணித்திருந்தால் அதனை அறிந்திருக்க முடியுமா? 2011இல் வெக்கை முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் உலகிலிருந்து ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே.

கோமாரி, அடைப்பான் முதலிய நோய்கள் இன்றும் உள்ளன. சரணாலயத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வளரும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. காட்டோரத்தில் விலங்கு இறந்து கிடந்தால் அதனைத் தொடாதீர்கள்; உடனே பெரியவர்கள் வழியாக வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அச்செய்தி பல உயிர்களைக் காக்கக்கூடும்.

அருஞ்சொற்பொருள்
பட்டி – கால்நடைகளை அடைக்கும் இடம்
நச்சுயிரி – வைரஸ்
கழிச்சல் – வயிற்றுப்போக்கு
குருதி – இரத்தம்

வினாக்கள்
1. வெக்கை நோயின் அறிகுறிகள் யாவை?
2. காட்டு விலங்குகளைக் காக்க ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவது ஏன்?
3. உங்கள் ஊரில் மாடு வளர்ப்பவர் ஒருவரிடம் கால்நடை நோய்களைப் பற்றிக் கேட்டறிந்து, ஐந்து தொடர்கள் எழுதுக.