கடுகின் காரம் பிறக்கும் இடம்

சாரல் காலத்தில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று குற்றாலத்துக்குக் குளிக்க வருபவர்களுக்குச் சுகம். தென்காசிப் பக்கம் வயலில் நிற்கும் என் மூட்டுகளுக்கு அப்படி இல்லை. போன ஆடியில் முழங்கால் பிடித்துக்கொள்ள, கடுகுப் பொடியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் குழைத்துப் பற்றுப் போட்டேன். ஒன்றும் உறைக்கவில்லை. களையெடுக்க வந்த ஆச்சி சிரித்தார். "கொதிக்க ஊத்தினா காரம் செத்துப் போவும்லா!"

அவர் சொன்னது சரி. கடுகுக்குள் காரம் காரமாக இல்லை. சினிகிரின் என்ற பொருள் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறு அறையிலும் இருக்கின்றன. பேங்க் லாக்கர் மாதிரிதான். வாடிக்கையாளர் சாவியும் எங்கள் சாவியும் சேர்ந்தால்தானே திறக்கும்? விதையை இடித்துத் தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து அல்லைல் ஐசோதயோசயனேட் உண்டாகிறது. மூக்கில் ஏறுவது அதுதான். தன்னைக் கடிக்கும் பூச்சிக்காகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது. கொதிநீர் நொதியைக் கெடுத்துவிடும். தாளித்த கடுகு மணப்பதோடு நின்றுவிடுவதும் இதனால்தான்.

மறுநாள் பச்சைத் தண்ணீரில் குழைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியில் தடவிக் கட்டினேன். இந்தக் காரம் தோலின் நரம்பு நுனிகளைச் சீண்டும். ரத்த ஓட்டம் கூடி இடம் சிவந்து சூடாகும். கொஞ்ச நேரம் வலி மட்டுப்படும். அவ்வளவுதான், தேய்ந்த மூட்டை அது சரிசெய்யாது. சுகமாக இருக்கிறதே என்று அரைமணி நேரம் விட்டுவிட்டேன். கொப்புளம்! பத்து நிமிடம் போதும், எரிந்தால் உடனே எடுத்துக் கழுவுங்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் போடவே கூடாது. சுடுவது தெரியாமல் புண்ணாகிவிடும். குழந்தைகளுக்கும், வெடித்த தோலிலும் வேண்டாம்.

இதே காரம் பாக்டீரியாவையும் பூஞ்சணத்தையும் அடக்கும். மாங்காய் ஊறுகாயில் பச்சைக் கடுகுப் பொடி சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல. முள்ளங்கியின் காரமும் இந்த இனம்தான்.

வயலிலும் இது உதவும். கத்தரி, தக்காளி நடுமுன் கடுகு விதைத்து, பூக்கும்போது பொடியாக நறுக்கி, காயவிடாமல் உடனே மண்ணில் மடக்கித் தண்ணீர் கட்டுங்கள். இலை நசுங்கும் அளவுக்குத்தான் காரம் பிறக்கும். மண்ணிலுள்ள நோய்க் கிருமிகளும் நூற்புழுவும் ஓரளவு குறையும். முழுசாக ஒழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாற்று நட இரண்டு வாரமாவது பொறுங்கள். அவசரப்பட்டால் இளம் வேரையும் அது சுட்டுவிடும்.